ஓசூர் எல்லையில் காற்றும் காலநிலையும்: உள்ளாட்சியின் கைக்கெட்டும் தூரம்

மூக்கண்டப்பள்ளி, ஓசூர் நகரத்துக்கும் கர்நாடக எல்லையிலுள்ள ஜூஜூவாடிக்கும் இடையில், தேசிய நெடுஞ்சாலை 44ஐ ஒட்டி அமைந்த பகுதி. 1971இல் உருவான சிப்காட் நிறுவனம் அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் முதல் கட்டத் தொழிற்பேட்டையைத் தொடங்கியது; அதன் பெரும்பகுதி இந்த ஊரைச் சுற்றித்தான் வளர்ந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற பெரிய ஆலைகள் 1980களில் ஓசூரில் காலூன்றின. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் வார்ப்பாலைகளும் முலாம் பூசும் பட்டறைகளும் லேத் கூடங்களும் பின்னாலேயே வந்தன. இத்தனைக்கும் மூக்கண்டப்பள்ளி 2011 வரை ஓர் ஊராட்சியாகவே இருந்தது. அந்த ஆண்டு மத்திகிரி பேரூராட்சி, ஜூஜூவாடி, சென்னத்தூர், ஆவலப்பள்ளி ஊராட்சிகளோடு சேர்ந்து அது ஓசூர் நகராட்சியில் இணைந்தது. நகராட்சி 2019 பிப்ரவரியில் மாநகராட்சியானது. 45 வார்டுகளுக்கான முதல் மாமன்றத் தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்தது. இங்கே புகைபோக்கிகள் மூத்தவை, மாமன்றம் இளையது.

பின்னால் வந்த பல சிக்கல்களுக்கு இந்த வரிசைதான் மூலம். ஆலைகள் எங்கே அமைய வேண்டும், கனரக லாரிகள் எந்த வழியில் வர வேண்டும் என்பதெல்லாம் முடிவானபோது அதில் சொல்வதற்கு ஊராட்சிக்கு இடமில்லை. குடியிருப்புகள் அதற்குப் பிறகு வந்தன. ஷிஃப்டு வேலைக்கு வந்தவர்களுக்காக ஆலைச் சுவர்களுக்கு அடுத்தாற்போல் வரிசை வீடுகளும் ஒற்றை அறைக் குடித்தனங்களும் மெஸ்களும் எழுந்தன. காற்றைப் பற்றி மாநகராட்சி இன்று எடுக்கும் எந்த முடிவும், வேறு யாரோ எப்போதோ போட்ட வரைபடத்தின் மேல்தான் எடுக்கப்படுகிறது.

சட்டத்தின் அமைப்பும் அப்படியே. காற்று மாசு தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 1981இல் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரியில் அமைந்தது. ஆலை அமைக்கவும் இயக்கவும் இசைவு தருவது, புகை வெளியேற்றத்துக்கு நிபந்தனை விதிப்பது, மீறினால் மூடச் சொல்வது எல்லாம் வாரியத்தின் வேலை. வாரியத்தில் உள்ளாட்சி மன்றங்களின் உறுப்பினர்கள் ஐந்து பேர் வரை இருக்கலாம் என்று சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஐந்து பேரும் மாநிலம் முழுமைக்கும் சேர்த்து. வண்டிப் புகை போக்குவரத்துத் துறையின் பொறுப்பு. மாநகராட்சிக்கு மிஞ்சுவது 1992இன் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்த 12ஆவது அட்டவணை. சாலைகள், பொதுச் சுகாதாரம், துப்புரவு, திடக்கழிவு, நகர்ப்புறக் காடு வளர்ப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவை அதில் உண்டு. மாநகராட்சி காற்றைத் தொடக்கூடிய வாசல்கள் இவ்வளவுதான்.

இங்கிலாந்தில் கதை வேறு மாதிரி. 1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த நச்சுப் புகைமூட்டத்துக்குப் பின் வந்த 1956ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம், புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சி மன்றங்களிடமே கொடுத்தது. 1995ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு மன்றமும் தன் எல்லைக்குள் காற்றின் தரத்தை ஆராய்ந்து, வரம்பு மீறும் இடங்களைக் காற்றுத் தர மேலாண்மைப் பகுதிகளாக அறிவித்து, அவற்றுக்குச் செயல்திட்டம் எழுத வேண்டும். அங்கே உள்ளாட்சியின் வேலை அளவுகருவியில் தொடங்குகிறது. இங்கே துடைப்பத்தில் தொடங்குகிறது.

துடைப்பத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. பக்கத்து நகரமான பெங்களூருவின் காற்றில் கலக்கும் பி.எம். 10 நுண்துகள் எங்கிருந்து வருகிறது என்று டெரி என்ற ஆய்வு நிறுவனம் 2010இல் ஒரு கணக்கு வெளியிட்டது. போக்குவரத்து 42 சதவீதம், சாலைப் புழுதி 20, கட்டுமானம் 14, தொழிற்சாலை 14, டீசல் ஜெனரேட்டர் 7, வீட்டு அடுப்பு 3. தொழிற்பேட்டையை ஒட்டிய ஓர் ஊரில் ஆலையின் பங்கு இதைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். ஆனாலும் பட்டியலில் சாலையின் மேல் நடப்பவற்றை மட்டும் கூட்டினாலே பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. புகைபோக்கியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தரையைப் பார்க்கத் தோன்றுவதில்லை.

சாலைப் புழுதி எப்படி எழுகிறது என்பதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சூத்திரம் ஒன்றை உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். தார்ச்சாலையில் ஒரு வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடும்போது எழுப்பும் தூசு இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: சாலையின் ஒரு சதுர மீட்டரில் படிந்திருக்கும் வண்டல் மண்ணின் அளவு, அந்தச் சாலையில் ஓடும் வண்டிகளின் சராசரி எடை. இரண்டும் ஏறத்தாழ நேர் விகிதத்தில் வேலை செய்கின்றன. வண்டல் பாதியானால் தூசும் பாதிக்கு அருகில் வந்துவிடும். சராசரி எடை இரட்டித்தால் தூசும் இரட்டிக்கும். ஸ்கூட்டரும் காரும் ஓடும் குடியிருப்புத் தெருவையும், எஃகுச் சுருளும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் ஓடும் சிப்காட் சாலையையும் ஒரே முறை வைத்துப் பெருக்கினால் போதாது என்பது இந்தச் சூத்திரத்திலேயே இருக்கிறது.

பிற்பகல் இரண்டு மணிக்கு, முதல் ஷிஃப்டு விட்டு இரண்டாம் ஷிஃப்டு ஏறும் வேளையில், இது கண்ணெதிரே நடக்கும். ஆலை வாசல்களிலிருந்து கம்பெனி பஸ்களும் நூற்றுக்கணக்கான பைக்குகளும் ஒரே நேரத்தில் வெளியே வரும். தார் முடியும் இடத்துக்கும் சாக்கடைக்கும் இடையில் ஒரு பாகம் அகலத்துக்கு மண் ஓரம். நெரிசலில் பைக்குகள் அந்த மண்ணில் இறங்கி ஏறும். டயர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மண்ணைத் தாரின் மேல் கொண்டுவந்து போடும். அடுத்து வரும் லாரி அதை மாவாக அரைக்கும். காலையில் தூய்மைப் பணியாளர் சென்டர் மீடியனை ஒட்டிக் கூட்டிவைத்த மண் குவியல், அள்ளும் வண்டி வருவதற்குள் பாதியாகிவிடும். மீதிப் பாதி டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியின் மேலும், அதைத் துடைக்கும் துணியிலும் இருக்கும். உறிஞ்சி எடுக்கும் பெரிய துப்புரவு வாகனம் இதற்கு விடை என்று பல மாநகராட்சிகள் நம்புகின்றன. குண்டும் குழியுமான சாலையில் அந்த வண்டியால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. மண் ஓரத்தைப் பேவர் பிளாக் போட்டு மூடுவது விலை குறைந்த வேலை. பெருக்கும் முன் நீர் தெளிப்பது இன்னும் குறைந்தது. இரண்டும் புகைப்படத்துக்கு எடுப்பாக இருக்காது.

இந்தப் புழுதிக்கு உரிமையாளர்கள் பலர் என்பது அடுத்த தடை. நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. தொழிற்பேட்டைக்குள் இருக்கும் சாலையும் தெருவிளக்கும் சிப்காட்டின் பராமரிப்பில். அதற்கு ஆலைகளிடம் கட்டணமும் வாங்குகிறது. வேறு சில சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம். மிச்சமிருக்கும் தெருக்கள்தான் மாநகராட்சிக்கு. புழுதி மிகுதியாக எழும் சாலை மாநகராட்சியின் கையில் இல்லை. அந்தப் புழுதி படியும் வீடுகள் அதன் கையில் இருக்கின்றன.

குப்பை எரிப்பில் இந்தச் சாக்கு இல்லை. அது முழுக்க உள்ளாட்சியின் பொறுப்பு. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் திறந்தவெளியில் எரிப்பதைத் தடுத்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், சாதாரணமாக எரிப்பவருக்கு 5,000 ரூபாய், பெருமளவில் எரிப்பவருக்கு 25,000 ரூபாய் என்று இழப்பீடு விதித்தது. தொழிற்பேட்டை ஓரத்துக் குப்பைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. வாழையிலையும் சோறும் கலந்த வீட்டுக் குப்பையோடு தெர்மாகோல், பேக்கிங் நாடா, எண்ணெய் துடைத்த பருத்திக் கழிவு, ரப்பர் துண்டு, வயர் உறை எல்லாம் சேர்ந்துகொள்ளும். வயர் உறையை எரித்தால் உள்ளே இருக்கும் செம்பு கிடைக்கும். எரிப்பவருக்கு அது அன்றைய கூலி. குளோரின் உள்ள பிளாஸ்டிக் குறைந்த வெப்பத்தில் எரியும்போது டையாக்ஸின் போன்ற நச்சுகள் உண்டாகின்றன. ஆலைப் புகைபோக்கி முப்பது மீட்டர் உயரத்தில் விடுகிற புகை காற்றோடு கலந்து நீர்த்துப்போக வழியுண்டு. காலி மனையில் எரியும் குப்பையின் புகை மூக்கின் உயரத்திலேயே பரவுகிறது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மார்கழி இரவுகளில் தரையோரக் காற்று குளிர்ந்து, மேலே எழாமல் அப்படியே தங்கும். இரவில் மூட்டிய தீயின் புகை விடியும்வரை தெருவைவிட்டுப் போகாது.

அபராதத்தால் மட்டும் இது நிற்காது என்பதைத் தமிழகம் நன்றாகப் பார்த்திருக்கிறது. சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கு 2022 ஏப்ரலிலும், கோவை வெள்ளலூர்க் கிடங்கு 2024 ஏப்ரலிலும் தீப்பிடித்துப் பல நாட்கள் புகைந்தன. தனியாள் கொளுத்திய குப்பைக்கு அபராதச் சீட்டு எழுதும் அதே மாநகராட்சியின் கிடங்கே எரிந்தால் யாருக்கு யார் அபராதம் போடுவது? ஈரக் கழிவைத் தெரு அளவிலேயே பிரித்து நுண் உர மையத்துக்கு அனுப்பினால் கிடங்கில் மீத்தேன் சேர்வது குறையும். மீத்தேன் குறைந்தால் தீயும் குறையும். மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. ஆகவே வீட்டு வாசலில் இரண்டு வாளி வைக்கும் வேலை காற்றுக்கும் காலநிலைக்கும் ஒருசேரப் பயன்படும் மிகச் சில வேலைகளில் ஒன்று. ஆலைகளின் பேக்கிங் கழிவை வீட்டுக் குப்பையோடு கலக்கவிடாமல் தனியாக வாங்கும் ஏற்பாடு இல்லாத வரை அந்த இரண்டு வாளியும் முழுப் பயன் தராது.

ஆலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் உள்ளாட்சிக்கு அங்கே இடம் குறைவு. டீசல் ஜெனரேட்டர் மட்டும் தனியாகக் கவனிக்கத் தக்கது. 2008 முதல் 2013 வரை தமிழகத்தை வாட்டிய மின்வெட்டில் சிறு ஆலைகள் ஜெனரேட்டரை நம்பியே ஓடின. தெருவை நோக்கித் திரும்பிய அந்தப் புகைக்குழாய்கள் பலவும் அப்படியே இருக்கின்றன. புதிய ஜெனரேட்டர்களுக்கு 2023 ஜூலை முதல் கடுமையான புகை வரம்பு உண்டு. பழையவை பழையபடியே ஓடுகின்றன. ஓசூர் அமைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கல்குவாரிகளும் கிரஷர்களும் இன்னொரு மூலம். பெங்களூருவின் கட்டடங்களுக்கான ஜல்லியும் எம்-சாண்டும் இந்த மாவட்டக் குன்றுகளிலிருந்து டிப்பரில் ஏறிப் போகின்றன. கிரஷரில் நீர் தெளிக்கிறார்களா என்று பார்ப்பது வாரியம். டிப்பரின் மேல் தார்ப்பாய் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது போலீசும் போக்குவரத்து அதிகாரிகளும். சிந்திய மணலைக் கூட்டுவது மட்டும் மாநகராட்சி.

காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்ற கேள்விக்கு வரம்புகள் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுத் தரநிலைப்படி பி.எம். 2.5 துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும், பி.எம். 10க்கு 60. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவு முறையே 5, 15. ஆக, ஓர் ஊரின் காற்று அரசின் கணக்கில் தேறியும் மருத்துவரின் கணக்கில் தேறாமலும் இருக்கலாம். இந்தியத் தர நிறுவனத்தின் நெறிப்படி, ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை மக்கள் உள்ள நகரத்துக்கு நான்கு அளவீட்டு நிலையங்களோடு லட்சத்துக்கு 0.6 வீதம் கூட்ட வேண்டும். மூன்று லட்சம் பேர் உள்ள ஊர் என்று வைத்துக்கொண்டால் ஆறு. தேசியக் காற்று அளவீட்டுத் திட்டத்தின் கீழ் ஆள் வைத்து அளக்கும் நிலையம் வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் அளக்கும். எஞ்சிய 261 நாளில் எரிந்த குப்பை அந்தக் கணக்கில் வராது.

அளவீடு வெறும் தகவலுக்காக என்று நினைக்க வேண்டாம். அதிலிருந்துதான் பணம் வருகிறது. 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில், ஐந்து ஆண்டுத் தொடர் அளவீட்டில் தரநிலையை எட்டாத நகரங்கள் சேர்க்கப்பட்டன. பிறகு பதினைந்தாவது நிதிக்குழு பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்குக் காற்றுக்கென்றே நிதி ஒதுக்கியது. இவை இரண்டும் சேர்ந்த 131 நகரங்களின் பட்டியலில் தமிழகத்திலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி இருக்கின்றன. பெங்களூரு இருக்கிறது. ஓசூர் இல்லை. தொடர்ந்து அளக்காத ஊர் பட்டியலுக்கு வராது, பட்டியலில் வராத ஊருக்கு அளவுகருவி வாங்கப் பணம் வராது. நடுத்தர நகரங்கள் பலவும் சிக்கியிருக்கும் வட்டம் இது. பட்டியலில் இருப்பவர்களும் எல்லாம் சரியாகச் செய்துவிடவில்லை. அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒதுக்கிய 10,566 கோடி ரூபாயில் செலவானதில் 64 சதவீதம் சாலை போடுவதற்கும் புழுதி அடக்குவதற்கும் போனது. தொழிற்சாலைப் புகைக்குச் செலவழித்தது 0.61 சதவீதம். உள்ளாட்சியிடம் பணத்தைக் கொடுத்தால் அது தன் கைக்கெட்டும் இடத்தில்தான் செலவழிக்கும். புழுதியை அடக்கினால் பி.எம். 10 குறையும்; நுரையீரலின் அடி ஆழம் வரை போகும் பி.எம். 2.5 அதே அளவுக்குக் குறையாது, ஏனென்றால் அதில் பெரும்பங்கு எரிப்பதிலிருந்து வருகிறது.

எல்லை இந்தச் சிக்கலை இரட்டிப்பாக்குகிறது. அத்திப்பள்ளி ஓசூருக்கு வடமேற்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனேக்கல், ஜிகினி, பொம்மசந்திரா தொழிற்பகுதிகள் அதற்கு அப்பால். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கிருந்து எழுவது இங்கே வரும். வடகிழக்குக் காற்றில் இங்கிருந்து எழுவது அங்கே போகும். சென்னையிலிருக்கும் வாரியத்துக்கும் பெங்களூருவிலிருக்கும் வாரியத்துக்கும் தனித்தனி அதிகாரம். அத்திப்பள்ளி பெங்களூரு நகர எல்லைக்கு வெளியே இருக்கும் சிறு நகராட்சி. ஆகவே தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பணம் எல்லையின் அந்தப் பக்கத்துக்கும் வரவில்லை. டெல்லியைச் சுற்றியுள்ள மாநிலங்களுக்கு ஒரே காற்றுத் தர மேலாண்மை ஆணையம் 2020இல் அவசரச் சட்டமாகவும் 2021இல் சட்டமாகவும் வந்தது. தெற்கே அப்படி எதுவுமில்லை. தண்ணீரில் இதன் மாதிரியை ஓசூர்க்காரர்கள் நன்கு அறிவார்கள். பெங்களூருவின் கழிவுநீர் தென்பெண்ணையில் கலந்து வந்து கெலவரப்பள்ளி அணையின் மதகுக்குக் கீழே வெள்ளை நுரையாக மலைபோல் குவியும். நுரையாவது கண்ணுக்குத் தெரிகிறது. தொலைக்காட்சிக் கேமரா வருகிறது.

காலநிலைச் செயல்பாட்டில் உள்ளாட்சியின் இடம் இன்னும் தெளிவில்லாமல் கிடக்கிறது. தமிழ்நாடு பசுமை இயக்கமும் காலநிலை மாற்ற இயக்கமும் 2022இல் தொடங்கின. மாவட்டந்தோறும் காலநிலை இயக்கம் அமைந்து, ஆட்சியர் அதன் இயக்குநராகவும் மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலராகவும் ஆனார்கள். வன அலுவலரிடம் காலநிலையைக் கொடுத்தால் மரக்கன்று முன்னுக்கு வருவது இயல்பு; மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதத்துக்கு உயர்த்த வேண்டும் என்ற இலக்கும் அப்படியே தள்ளுகிறது. மரம் நிழல் தரும், தெருவின் சூட்டைத் தணிக்கும். ஆனால் ஆலைச் சுவரோரம் நட்ட பத்து வேம்பு லாரிப் புகையை வடிகட்டிவிடும் என்று எதிர்பார்ப்பது வேம்பின்மேல் வைக்கும் அதிகச் சுமை. பெருநகரங்கள் தங்களுக்கென்று திட்டம் எழுதிக்கொண்டன: சென்னையின் காலநிலைச் செயல்திட்டம் 2023 ஜூனில், பெங்களூருவுடையது அதே ஆண்டு நவம்பரில். இரண்டுமே தத்தம் மாநகராட்சி எல்லையில் முடிந்துவிடுகின்றன.

ஓசூர் மாநகராட்சிக்குத் தன் சொந்தக் கரிமக் கணக்கில் கைவைக்க ஒரு பெரிய இடம் குடிநீர்க் குழாய். 2013 மே மாதம் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், சுமார் 250 மீட்டர் உயரத்திலிருக்கும் காவிரிக் கரையிலிருந்து 900 மீட்டர் உயரத்திலிருக்கும் ஓசூர் வரை தண்ணீரைத் தூக்கிவருகிறது. ஆயிரம் லிட்டரை 650 மீட்டர் தூக்க, துளியும் இழப்பில்லை என்றாலும் சுமார் 1.8 யூனிட் மின்சாரம் வேண்டும். பம்பிலும் குழாயிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் இரண்டரை யூனிட் அளவுக்கு வந்துவிடும். தெருமுனையில் வால்வு கசிந்து சாக்கடைக்கு ஓடும் தண்ணீர் அத்தனை யூனிட்டையும் தன்னோடு கொண்டுபோகிறது. ராமநாயக்கன் ஏரி போன்ற உள்ளூர் ஏரிகளைத் தூர்வாரிக் கழிவுநீர் கலக்காமல் காப்பது நிலத்தடி நீருக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். அது மின்கட்டணத்தையும் கரிமத்தையும் குறைக்கும் வேலை என்று வரவு செலவு அறிக்கையில் யாரும் எழுதுவதில்லை. சிறு உள்ளாட்சியாலும் மின்சாரத்தில் துணிய முடியும் என்பதற்கு மேட்டுப்பாளையம் அருகிலுள்ள ஓடந்துறை ஊராட்சி சாட்சி. 2006இல் அது ஒன்றரைக் கோடி ரூபாய்க்குச் சற்று மேல் செலவிட்டு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. வங்கிக் கடனோடு ஊராட்சியின் சொந்தச் சேமிப்பும் அதில் இருந்தது. தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது.

ஓசூர் வட்டாரம் இன்று நாட்டின் மின் ஸ்கூட்டர்க் கொட்டில். டி.வி.எஸ். ஐக்யூப் இங்கே உருவாகிறது. ஏதர் நிறுவனம் 2021இல் பெங்களூருவிலிருந்து தன் உற்பத்தியை ஓசூருக்கு மாற்றியது. ஓலாவின் ஆலை அதே மாவட்டத்தின் போச்சம்பள்ளியில். புகையில்லாத அந்த வண்டிகள் ஆலையை விட்டு வெளியே வருவது டீசல் லாரியில் ஏறித்தான். தங்குவதற்கு இடமில்லாத லாரிகள் சரக்கு இறக்க முறை வரும்வரை சிப்காட் சாலையோரத்தில் வரிசைகட்டி நிற்கின்றன. ஓட்டுநர் கேபினுக்குள் தூங்குவார். குளிர்சாதனப் பெட்டி லாரியாக இருந்தால் அதன் கம்ப்ரசர் இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அடுப்பு மூட்டிச் சமைப்பது, மண் ஓரத்தில் சக்கரம் இறக்கி நிறுத்துவது எல்லாம் அங்கேதான். கழிப்பறையும் மின்இணைப்பும் தளம் போட்ட நிறுத்துமிடமும் உள்ள ஒரு லாரி முனையத்தை அமைக்க மாநகராட்சிக்கு வாரியத்தின் இசைவோ கர்நாடகத்தின் ஒப்புதலோ தேவையில்லை. சிப்காட்டிடமிருந்து சில ஏக்கர் நிலம் கிடைத்தால் போதும்.